ராத்திரி இரண்டரை மணி பிரஷர்: குடிநீர்க் குழாயில் கசிவைக் குறைக்க ஒரு வழிகாட்டி

குடிநீர்ப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு உங்கள் ஏரியாவில் ஏதாவது ஒரு தெருக்குழாயில் பிரஷர் கேஜை மாட்டிப் பாருங்கள். அதே குழாயில் காலை ஏழு மணிக்கு மறுபடி பாருங்கள். நான் முதன்முதலாக அப்படிப் பார்த்தபோது காலையில் முள் இரண்டு கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ அழுத்தம்) நின்றது. ராத்திரி அது நாலரையைத் தாண்டியிருந்தது. ஊரே தூங்குகிறது, குழாயைத் திறக்க ஆளில்லை, அந்த நேரத்தில்தான் குழாய்க்குள் உச்சபட்ச அழுத்தம். பக்கத்தில் இருந்த வால்வின் ஸ்பிண்டில் (திருகும் தண்டு) மேல் கேட்புக் கம்பியை வைத்துக் காதைக் கொடுத்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், நிற்கவே இல்லை. யாருக்கும் தேவைப்படாத அந்த ராத்திரி அழுத்தம், மண்ணுக்கடியில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

கசிவு என்றவுடன் நாம் பள்ளம் தோண்டத்தான் ஓடுகிறோம். தோண்டியே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த உடைப்பை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால், தெரியாத நூறு ஓட்டைகள் அப்படியே இருக்கும். அந்த நூறையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் அடக்க ஒரு வழி இருக்கிறது. தேவைக்கு மேல் இருக்கும் பிரஷரைக் குறைப்பதுதான் அது.

ஓட்டையும் அழுத்தமும்

முதலில் அளவு மொழி. 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர். கேஜ் 4 கிலோ காட்டினால் 40 மீட்டர் ஹெட், அதாவது அத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தம், என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் மீட்டரிலேயே பேசுகிறேன்.

3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை ஒன்று, பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் அளவு. 50 மீட்டர் ஹெட்டில் அதன் வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 11,500 லிட்டர் போகும். ஏறக்குறைய ஒரு 12,000 லிட்டர் தண்ணி லாரி. அதே ஓட்டையில் ஹெட்டை 25 மீட்டராக்கினால் 8,100 லிட்டர். ஓட்டையை யாரும் தொடவில்லை, மூவாயிரத்துச் சொச்சம் லிட்டர் மிச்சம்.

இது மாறாத ஓட்டையின் கணக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த வர்க்கமூல விதி (அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஓட்டம் மாறும்) இங்கே அப்படியே பொருந்தும். ஆனால் நிஜக் குழாய் அப்படி இல்லை. பி.வி.சி. குழாயில் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்திருந்தால், பிரஷர் ஏறும்போது அந்தக் கீறல் வாயைத் திறக்கும், இறங்கும்போது மூடிக்கொள்ளும். ஓட்டையின் அளவே மாறுகிறது. ஜாயிண்ட்களில் இருந்து வரும் சின்னச் சின்னக் கசிவுகளும் இந்த ரகம்தான். இங்கிலாந்தில் ஜான் மே 1994-ல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். கசிவைக் கணக்கிடும்போது அழுத்தத்தின் அடுக்கு 0.5 (அதாவது வர்க்கமூலம்) முதல் 1.5 வரை போகலாம் என்பது அதன் சாரம். உதாரணமாக ஹெட் 60-லிருந்து 40 மீட்டராகிறது என்று வையுங்கள். துருப்பிடித்த இரும்புக் குழாயின் கெட்டியான ஓட்டையில் கசிவு 18 சதவீதம் குறையும். பிளாஸ்டிக் குழாயின் கீறலில் 46 சதவீதம் வரை குறையலாம். பலவகைக் குழாய்களும் கலந்து கிடக்கும் ஊரில் அடுக்கு 1 என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அதாவது பிரஷர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், கசிவும் மூன்றில் ஒரு பங்கு குறையும். என் அனுபவத்திலும் முதல் மதிப்பீட்டுக்கு இது போதும்.

இன்னொரு லாபமும் உண்டு, இதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிரஷர் குறைந்தால் புதிய உடைப்புகளும் குறையும். தார்ன்டன், லாம்பர்ட் என்ற இருவர் 10 நாடுகளில் 112 இடங்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக 38 சதவீதம் பிரஷர் குறைத்த அந்த இடங்களில் உடைப்புகள் சராசரியாக 53 சதவீதம் குறைந்திருந்தன. பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) குழாய் ஓடும் ஊர்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். தினமும் ராத்திரி ஏறி, காலையில் இறங்கி, மறுபடி ஏறும் அழுத்தத்தில் அந்தக் குழாய்கள் களைத்துப்போய்த்தான் வெடிக்கின்றன.

கயெலிட்ஷா சொல்லும் பாடம்

இந்த வேலைக்கு உலகம் முழுக்கச் சுட்டிக்காட்டும் இடம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனை ஒட்டிய கயெலிட்ஷா. நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1980-களில், கறுப்பின மக்களை ஒதுக்கிக் குடியமர்த்திய பகுதி. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே சுமார் 4,50,000 பேர் வாழ்ந்தார்கள். குழாய்களில் ஹெட் ஏறக்குறைய 80 மீட்டர். மட்டமான கழிவறைப் பொருத்துகளும் டேப்களும் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஒழுகி நேராகச் சாக்கடைக்குப் போனது. நள்ளிரவில் மட்டும் மணிக்கு 1,600 கன மீட்டர். நம் 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் மணிக்கு 133 லாரி!

எல்லா வீட்டிலும் புகுந்து டேப் மாற்ற வேண்டுமென்றால் பல வருடம் ஆகும், பணமும் இல்லை. அதனால் அந்தப் பகுதிக்குத் தண்ணீர் போகும் பெரிய குழாய்களின் வாயில் ஒரு அறை கட்டி, பிரஷர் குறைக்கும் வால்வுகளைப் பொருத்தினார்கள். 2001-ல் அது இயங்கத் தொடங்கியது. வருடத்துக்குச் சுமார் 90 லட்சம் கன மீட்டர் தண்ணீர் மிச்சமானது. அதுவரை அந்தப் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தது வருடத்துக்குச் சுமார் 2.2 கோடி கன மீட்டர்தான். போட்ட பணம் ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. 2018-ல் கேப் டவுன் முழுக்கக் குழாய் வறண்டுபோகும் நாள் நெருங்கியபோதும் நகரம் கையில் எடுத்த கருவிகளில் பிரஷர் குறைப்பு ஒன்று.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அங்கே வேலை ஒரே இடத்தில், ஒரே வாயிலில் நடந்தது என்பது. உங்கள் ஊரிலும் நீங்கள் தேட வேண்டியது அப்படி ஒரு வாயிலைத்தான்.

ஆரம்பிக்கும் முன்: ஸ்லூஸ் வால்வைத் திருகுவது பிரஷர் குறைப்பு ஆகாது

நம் ஊர்களில் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு என்பதால் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். டேங்க் ஆபரேட்டரிடம் "பிரஷரைக் குறைங்கண்ணே" என்றால், அவர் அவுட்லெட்டில் இருக்கும் ஸ்லூஸ் வால்வை (தகடு இறங்கி மூடும் வால்வு) நாலு சுற்று மூடுவார். பகலில் கேஜ் இறங்கும். வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள்.

பாதி மூடிய வால்வு தண்ணீர் ஓடும்போது மட்டுமே அழுத்தத்தைத் தின்னும். ஓட்டம் அதிகமானால் அதிகம் தின்னும், ஓட்டம் நின்றால் ஒன்றும் தின்னாது. காலை நெருக்கடி நேரத்தில் மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. ராத்திரி, ஓட்டமே இல்லாதபோது, தொட்டியின் முழு உயரமும் அப்படியே குழாய் மேல் வந்து உட்காரும். தேவையான நேரத்தில் குறைத்து, தேவையில்லாத நேரத்தில் கூட்டுகிறது. நாம் விரும்புவதற்கு நேர் எதிர். போதாததற்கு அந்த வால்வின் கேட், தண்ணீர் அரித்தே கொஞ்ச நாளில் மூடவும் மூடாமல் போய்விடும். ஸ்லூஸ் வால்வு முழுசாகத் திறந்திருக்கணும், இல்லை முழுசாக மூடியிருக்கணும். நடுவில் நிற்பது அதன் வேலை இல்லை.

முதல் வேலை: எல்லை போடுவது

வரைபடத்தை எடுத்து 500 முதல் 3,000 இணைப்பு வரை உள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். முதல் முயற்சிக்கு ஆயிரம் இணைப்பு சுகமான அளவு. மேடும் பள்ளமும் பெரிதாகக் கலக்காத பகுதியாக இருந்தால் நல்லது. ஒரே மண்டலத்தில் 40 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், மேட்டு வீட்டுக்காகப் பள்ளத்து வீட்டைத் தண்டிக்க வேண்டிவரும். தரைமட்ட உயரங்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பகுதிகளோடு இணைக்கும் வால்வுகளை எல்லாம் மூடி, ஒரே ஒரு வழியாக மட்டும் தண்ணீர் உள்ளே வரும்படி செய்ய வேண்டும்.

வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பகுதியில் இருபது வருடம் வேலை பார்த்த பிட்டர் ஒருவர் இருப்பார், அவரோடு ஒரு நாள் நடந்துவிட்டு வாருங்கள். "இந்த மூலையில் ரோடு போட்டப்போ ஒரு வால்வு புதைஞ்சு போச்சு சார்" என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது.

எல்லை உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பின்னிரவில் எல்லை வால்வுகளையும் நுழைவாயில் வால்வையும் மூடிவிட்டு, உள்ளே ஒரு ஸ்கவர் வால்வை (குழாயில் உள்ள தண்ணீரை வடிக்கும் வால்வு) திறந்துவிடுங்கள். கேஜ் பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். 5 மீட்டரிலோ 8 மீட்டரிலோ நின்றுவிட்டால் எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வருகிறது, தேடுங்கள். சோதனையைச் சில நிமிடத்துக்குமேல் நீட்டாதீர்கள். குழாய் காலியானால் அதே ஓட்டைகள் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். முடிந்ததும் நுழைவாயிலை மெதுவாகத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். படக்கென்று திறந்தால் தண்ணீர் மோதும் அடியில் அந்த ராத்திரியே ஒரு புது உடைப்பு வரும்.

இரண்டாவது: ஒரு வாரம் அளப்பது

நுழைவாயிலில் ஒரு மீட்டர். மூன்று இடத்தில் பிரஷர் லாகர் (அழுத்தத்தைத் தானாகப் பதிவு செய்யும் கருவி). ஒன்று நுழைவாயிலில். இரண்டாவது, மண்டலத்தின் சராசரி உயரத்தில் உள்ள ஓர் இடத்தில். மூன்றாவது, பிரஷர் மிகக் குறைவாக வரும் இடத்தில். இந்த மூன்றாவது இடம்தான் உங்கள் எஜமானர். அது கடைசித் தெருவாக இருக்க வேண்டும் என்று இல்லை, பக்கத்திலேயே ஒரு மேட்டு வீடாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் நாலைந்து இடத்தில் கேஜ் வைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு, குறைந்தது ஏழு நாள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. பண்டிகை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது ராத்திரி 2 மணி முதல் 4 மணி வரை உள்ள ஓட்டத்தைப் பாருங்கள். ஓர் உதாரணம் போடுவோம். 1,000 இணைப்பு, 4,500 பேர். ராத்திரி குறைந்தபட்ச ஓட்டம் மணிக்கு 14,000 லிட்டர். அந்த நேரத்தில் மணிக்கு மக்கள்தொகையில் 6 சதவீதம் பேர் எழுந்து ஆளுக்கு 10 லிட்டர் செலவழிப்பார்கள் என்பது தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு. அதன்படி 2,700 லிட்டர். மீதி 11,300 லிட்டர் கசிவு.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். வீட்டுக்கு வீடு சம்ப் இருக்கிறது. ராத்திரி பிரஷர் ஏறும்போது சம்ப் நிரம்பும், அதுவும் மீட்டரில் கசிவு மாதிரியே தெரியும். பால் வால்வு (மிதவை வால்வு) கெட்டுப்போன சம்ப் என்றால் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். அதனால் பெரிய அடுக்குமாடி, கல்யாண மண்டபம், ஹாஸ்டல் இவற்றின் மீட்டரை மட்டும் தனியாக அந்த ராத்திரிகளில் படித்துக் கழித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கணக்குப் போட்டால், இல்லாத கசிவைத் தேடி மாசக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

புதிதாக வருபவர்கள் செய்யும் இன்னொரு பிழை, ராத்திரிக் கசிவை அப்படியே 24-ஆல் பெருக்குவது. 11,300-ஐ 24-ஆல் பெருக்கினால் 2,71,000 லிட்டர் வரும். ஆனால் ராத்திரி ஆறு மணி நேரம்தான் சராசரி ஹெட் 48 மீட்டர். மீதிப் பதினெட்டு மணி நேரம் 36 மீட்டர் என்று வையுங்கள். பகல் கசிவு மணிக்குச் சுமார் 8,500 லிட்டர்தான். கூட்டினால் நாளைக்கு 2,20,000 லிட்டர். ஐம்பதாயிரம் லிட்டர் வித்தியாசம்! மேலதிகாரியிடம் பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு அதை மிச்சப்படுத்திக் காட்ட முடியாமல் நிற்பதைவிட, சரியான எண்ணைச் சொல்வது நல்லது.

மூன்றாவது: எவ்வளவு குறைக்கலாம்?

இந்தியாவில் மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 1999 கையேடு, குறைந்தபட்ச ஹெட்டாக ஒரு தளக் கட்டடத்துக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 என்று சொன்னது. நம் உதாரணப் பகுதியில் பெரும்பாலும் இரண்டு தளம் என்று வைத்து, 3 மீட்டர் கூடுதலாகச் சேர்த்து, மேட்டு வீட்டில் 15 மீட்டர் எப்போதும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வோம்.

மேட்டு வீட்டு லாகரைத் திறந்து பாருங்கள். ராத்திரி 33 மீட்டர், காலை நெருக்கடியில் 17 மீட்டர். ராத்திரி 18 மீட்டர் குறைக்கலாம். காலையில் 2 மீட்டர்தான் குறைக்கலாம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் உங்களுக்கு எந்த வகை வால்வு வேண்டும் என்பதைச் சொல்லும்.

ராத்திரி 18, பகலில் 2 என்று குறைத்தால், நாள் கசிவு 2,20,000-லிருந்து ஏறக்குறைய 1,86,000 லிட்டராகும். ஆயிரம் வீட்டுக்குத் தினமும் மூன்று லாரித் தண்ணீர், ஒரு பள்ளம்கூடத் தோண்டாமல். மத்தியான நேரத்திலும் ஓட்டத்தைப் பார்த்துக் குறைத்தால் இன்னும் கூடும்.

நான்காவது: வால்வு

பிரஷர் குறைக்கும் வால்வை எல்லோரும் பி.ஆர்.வி. என்றே சொல்கிறார்கள். உள்ளே ஒரு டயாப்ரம், அதாவது ரப்பர் சவ்வு. அதன் மேல் தண்ணீர் சேர்ந்தால் வால்வு மூடும், வடிந்தால் திறக்கும். பக்கத்தில் சின்னதாக ஸ்பிரிங் வைத்த பைலட் வால்வு ஒன்று இருக்கும். அது வெளிப்பக்க அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஏறினால் டயாப்ரம் மேல் தண்ணீரைச் சேர்க்கும், இறங்கினால் வடியவிடும். மின்சாரம் தேவையில்லை. உள்ளே அதற்குமேல் எவ்வளவு வந்தாலும், எவ்வளவு ஓடினாலும், ஓட்டமே இல்லாமல் போனாலும், வெளியே நீங்கள் வைத்த அழுத்தம்தான் வரும். ஸ்லூஸ் வால்வால் முடியாதது இதுதான்.

ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் சாதா பி.ஆர்.வி. விலை குறைவு, கெடுவதும் குறைவு. ராத்திரிக்கும் காலைக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தால் அது போதும். வித்தியாசம் நம் உதாரணம் மாதிரி பெரிதாக இருந்தால், நேரம் பார்த்து இரண்டு செட்டிங்குக்கு மாறும் கன்ட்ரோலர் வைக்கலாம். ஓட்டத்தைப் பார்த்துத் தானாக ஏற்றி இறக்குவது அதைவிட நல்லது. ராத்திரி எங்காவது தீப்பிடித்துத் தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுத்தால், ஓட்டம் கூடியதை உணர்ந்து அழுத்தத்தையும் கூட்டிவிடும். நேரம் பார்த்து மாறும் கன்ட்ரோலருக்கு இது தெரியாது. மேட்டு வீட்டிலிருந்து சிக்னல் வாங்கி இயங்குவதும் இருக்கிறது. முதல் மண்டலத்திலேயே அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. சிக்னல் அறுந்தால் அந்த ராத்திரி யார் போய்ப் பார்ப்பது என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். குழாய் 200 மில்லிமீட்டர் என்பதற்காக வால்வும் 200 வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் குழாயைவிட ஓர் அளவு, சில சமயம் இரண்டு அளவு சின்ன வால்வுதான் பொருந்தும். பெரிய வால்வு ராத்திரிச் சின்ன ஓட்டத்தில் திறப்பதா மூடுவதா என்று தடுமாறி ஆடும். கேஜ் முள் துடிப்பதிலேயே தெரிந்துவிடும். அந்த ஆட்டமே குழாயை உடைக்கும். ராத்திரிக் குறைந்தபட்ச ஓட்டம், காலை உச்ச ஓட்டம், இரண்டையும் கம்பெனிக்காரரிடம் எழுத்தில் கொடுத்து வால்வைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உள்ளே 60, வெளியே 15 என்று மூன்று மடங்குக்குமேல் குறைக்க வேண்டியிருந்தால், கேவிட்டேஷனில் (தண்ணீரில் குமிழிகள் உண்டாகி வெடிப்பதில்) வால்வு உடம்பே பொத்தலாகும். அதையும் கேளுங்கள்.

ஐந்தாவது: சேம்பர்

தண்ணீர் வரும் வரிசையில்: வால்வு, ஸ்ட்ரெய்னர் (குப்பையைப் பிடிக்கும் சல்லடை), மீட்டர், பி.ஆர்.வி., இன்னொரு வால்வு. இவற்றைச் சுற்றி ஒரு பைபாஸ், அதிலும் ஒரு வால்வு. முன்னும் பின்னும் கேஜ் மாட்ட இடம், ஓர் ஏர் வால்வு, தரையில் தண்ணீர் வடிய வழி. மீட்டருக்கு முன்னால் கம்பெனி சொல்லும் நீளத்துக்கு நேர்க்குழாய் விட மறக்காதீர்கள்.

சேம்பரைப் பெரிதாகக் கட்டுங்கள். இரண்டு பேர் இறங்கி, பி.ஆர்.வி.யின் மூடியைக் கழற்றி, டயாப்ரத்தை மேலே தூக்கி எடுக்க இடம் வேண்டும். சிக்கனம் பார்த்துக் கட்டிய ஒரு சேம்பரில், மூடியின் போல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்பானர் திரும்பவில்லை. கடைசியில் சுவரை உடைத்துத்தான் டயாப்ரம் மாற்றினோம்.

ஆறாவது: இறக்குவது, அவசரமில்லாமல்

பொருத்திய அன்றே 18 மீட்டரையும் இறக்காதீர்கள். முதல் நாள் வால்வு வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு இரண்டு மூன்று மீட்டராக, ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் விட்டு இறக்குங்கள். பைலட் ஸ்குரூவைப் பெரும்பாலான மாடல்களில் வலப்பக்கம் திருகினால் பிரஷர் ஏறும், இடப்பக்கம் இறங்கும். கால் சுற்று திருகிவிட்டு, முள் நிற்கும் வரை பொறுங்கள்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மேட்டு வீட்டுக்கு நீங்களே போங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் "அம்மா, இன்னைக்குத் தண்ணி எப்படி வருது?" என்று கேட்டுவிட்டு, அவர் குழாயிலேயே கேஜை மாட்டிப் பாருங்கள். புகார் வந்த பிறகு போவதும், புகார் வரும் முன் போய் நிற்பதும் ஒன்றில்லை. "இவர் வந்து பார்ப்பார்" என்ற நம்பிக்கை ஒரு தெருவில் வந்துவிட்டால், ஒரு நாள் ஏதாவது தப்பானாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் மையம், தீயணைப்பு நிலையம் இவற்றுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. பிரஷர் குறைந்தால் கசிவின் சத்தமும் குறையும். கேட்புக் கம்பியில் முன்பு கேட்ட 'ஸ்ஸ்ஸ்' கேட்காது. கசிவு தேடும் குழு வரும் ராத்திரி மட்டும் பழைய அளவுக்குப் பிரஷரை மெதுவாக ஏற்றி, தேடி முடித்ததும் மறுபடி இறக்கிவிடுங்கள்.

சில மணி நேரம்தான் தண்ணீர் வரும் ஊரில்

நம் ஊர்களில் பாதிக்குமேல் இப்படித்தான் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் தண்ணீர் விடும் இடத்தில் ராத்திரி ஓட்டக் கணக்கு வேலைக்காகாது. அங்கே குழாயை அதிகம் சேதப்படுத்துவது, காலிக் குழாயில் வேகமாகத் தண்ணீரை விடுவதும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும்தான். வால்வைத் திறக்கப் பத்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேட்டுப் புள்ளிகளில் ஏர் வால்வு இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளமான தெருக்களுக்குப் போகும் கிளையில் மட்டும் ஒரு பி.ஆர்.வி. வைத்தால், பள்ளத்தில் வீணாகும் தண்ணீர் மேட்டுக்குப் போகும். அங்கே கசிவைவிட இந்தச் சமநீதிதான் பெரிய லாபம். 24 மணி நேர விநியோகத்துக்கு மாறப் போகிற ஊர் என்றால், மாறும் முன்பே பி.ஆர்.வி. இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஒழுகிய ஓட்டை 24 மணி நேரமும் ஒழுகினால் எந்தத் தொட்டியும் தாங்காது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பத்து மாடிக்கு மேலே தொட்டி என்றால் தரைத்தளத்தில் 30 மீட்டருக்குமேல் ஹெட். கீழ் வீடுகளில் மட்டும் கனெக்ஷன் பைப் அடிக்கடி வெடிப்பதும், ஃபிளஷ் டேங்க் ஒழுகுவதும் அதனால்தான். கீழ்த்தளங்களுக்கு இறங்கும் லைனில் ஒரு சின்ன பி.ஆர்.வி. போட்டு 2 கிலோவுக்குள் வைத்தால் பிளம்பர் வருவது குறையும்.

பிறகு

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவுங்கள். பைலட்டுக்குப் போகும் விரல் தடிமன்கூட இல்லாத டியூபில் ஒரு மணல் துகள் அடைத்தாலே வால்வு சொன்னபடி கேட்காது. ஒரு டயாப்ரமும் ஒரு செட் பைலட் ரப்பரும் அலுவலக பீரோவில் எப்போதும் இருக்கட்டும்.

அப்புறம் அந்த பைபாஸ் வால்வு. ஒரு சிறு நகரத்தில் மூன்று மாதம் அழகாக இறங்கியிருந்த ராத்திரி ஓட்டம், ஒரு திங்கட்கிழமை பழைய அளவுக்கே ஏறிவிட்டது. பெரிய உடைப்பு என்று நினைத்து இரண்டு ராத்திரி தெருத்தெருவாகத் தேடினோம். மூன்றாம் நாள் சேம்பரில் இறங்கிப் பார்த்தால் பைபாஸ் வால்வு இரண்டு சுற்று திறந்திருந்தது. ஏதோ ஒரு கல்யாண வீட்டுக்காகத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள், யாரோ திறந்துவிட்டு மூட மறந்திருக்கிறார்கள். அன்றைக்கே சங்கிலி போட்டுப் பூட்டினோம். சாவி ஒன்று ஆபரேட்டரிடம், ஒன்று அலுவலகத்தில்; திறந்தால் தேதி, நேரம், காரணம் எழுத ஒரு நோட்டு. அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் முந்தின வாரத்து ராத்திரி மூன்று மணி ஓட்டத்தை அதே நோட்டில் எழுதுவது வழக்கமாகிவிட்டது.